அணியின் பெயரை எழுதிவிட்டேன், அதற்கு மேல் என்ன எழுதுவது?

வெள்ளவத்தை மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்துக்குத் தமிழை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். அணிகளின் வரைவிலக்கணம் எல்லாம் பாடம். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, நிரல்நிறை, சிலேடை, வஞ்சப்புகழ்ச்சி என்று கொப்பி நிறைய உதாரணத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். முன்பின் பார்க்காத ஒரு பாட்டைத் தந்து நயம் எழுதச் சொன்னால்தான் திண்டாட்டம். "இப்பாடலில் உவமையணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதுவேன். அதற்கு மேல் பேனா நகராது. ரியூஷன் மிஸ் அந்த வரிக்குப் பக்கத்தில் "எப்படிச் சிறப்பு?" என்று சிவப்பு மையில் கேட்டுவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தருகிறார்.

இதோடு வேறு சில குழப்பங்களும் உண்டு. தற்குறிப்பேற்றத்தையும் உயர்வு நவிற்சியையும் எப்படிப் பிரிப்பது? உள்ளுறை என்றால் என்ன, இறைச்சி என்றால் என்ன? புதுக்கவிதைக்கு நயம் எழுதும்போது படிமம், குறியீடு என்கிறார்களே, அவை அணிகளா? தெரிந்தவர்கள் பாட்டை வைத்தே விளக்கினால் பெரிய உதவி. வரைவிலக்கணம் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

பிள்ளை, உங்கள் மிஸ் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதப் பழகினால் நயம் எழுதத் தெரிந்துவிடும்.

உவமையிலிருந்தே தொடங்குவோம். அணிகளுக்கென்றே எழுந்த தண்டியலங்காரம் பொருளணி என்று 35 சொல்கிறது. தொல்காப்பியரோ உவமை ஒன்றுக்கே தனி இயல் வைத்தார். அதில் அவர் முதலில் சொல்வது இது: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில், அதுதான் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயனில். துடி போன்ற இடை என்றால் வடிவில், அதை மெய் என்றார். பொன் போன்ற மேனி என்றால் நிறத்தில், அது உரு. ஒரு உவமையைக் கண்டதும் இந்த நான்கில் எது என்று கேளுங்கள். அப்போதே ஒரு வரி எழுதக் கிடைத்துவிடும்.

இனி குறுந்தொகை 40ஐ எடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

"யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே."

"காதலர் நெஞ்சம் கலந்ததற்குச் செம்மண்ணில் பெய்த மழைநீர் உவமை" என்று எழுதி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் நில்லுங்கள். முதல் மூன்று அடியில் இருப்பவை மூன்று கேள்விகள். என் தாயும் உன் தாயும் யாருக்கு யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நாம் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? மூன்றுக்கும் ஒரே விடைதான், முன்பு ஒரு தொடர்பும் இல்லை. அதற்குப் பிறகுதான் உவமை வருகிறது. மழைநீர் எங்கோ மேலே இருந்தது, மண் கீழே கிடந்தது, இரண்டுக்கும் முன்னுறவு கிடையாது. உவமை அந்த மூன்று அடிகளையும் தனக்குள் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

யார் யாருக்குச் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். இவன் பிரிந்து போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அந்தக் குறிப்பைக் கண்டு தலைவன் சொல்வது இது. செம்மண்ணில் விழுந்த நீர் மண்ணின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும், பிறகு பழைய நீராகப் பிரித்தெடுக்க வராது. அவளுடைய அச்சத்துக்கு மறுமொழி அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது. வினையும் உருவும் இரண்டுமே இங்கு ஒன்றாக வேலை செய்கின்றன. "எப்படிச் சிறப்பு?" என்றால் இதைத்தான் எழுத வேண்டும். இந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, உவமையே பெயராகிச் செம்புலப் பெயல்நீரார் ஆனார்.

பம்பலப்பிட்டி வாசகன்

சேர் சொன்னதோடு உருவகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. தாமரை முகம் என்றால் உவமை, முகத்தாமரை என்றால் உருவகம், இது கொப்பியில் இருக்கும். உருவகத்துக்கு நயம் எழுத இரண்டு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பொய்கையாழ்வார் "வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக" என்று தொடங்குகிறார். பூதத்தாழ்வார் "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக, இன்புருகு சிந்தை இடுதிரியா" என்கிறார். தகளி என்பது அகல். இரண்டு பேரும் ஏற்றுவது விளக்குத்தான். ஒருவருக்கு உலகமே அகல், கடலே நெய், சூரியனே சுடர். மற்றவருக்கு எல்லாமே நெஞ்சுக்குள். ஒரே உருவகம் வெளியே போனால் எவ்வளவு பெரிதாகிறது, உள்ளே திரும்பினால் எவ்வளவு நெருக்கமாகிறது என்று ஒரு பந்தி எழுதலாம்.

உருவகத்தில் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்." பிறவியைக் கடல் ஆக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் ஆக்கவில்லை. இதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். பாதியை நாமே மனதில் நிரப்பிக்கொள்கிறோம்.

தெஹிவளை ரீச்சர்

தற்குறிப்பேற்றத்துக்கு நான் வகுப்பில் சொல்லித்தரும் வழி இதுதான். முதலில் இயல்பாக நடந்தது எது என்று பிரித்தெடுங்கள். அதற்குக் கவிஞர் ஏற்றிய காரணம் எது என்று பிறகு கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் அது தற்குறிப்பேற்றம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடம்: "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட." மதில் மேல் கொடி காற்றில் அசைகிறது, அது இயல்பு. வராதே என்று கை காட்டி மறிக்கிறது என்பது இளங்கோ ஏற்றிய குறிப்பு. இனி நயத்துக்கு வாருங்கள். கொடி யாருக்கு வராதே என்கிறது? உள்ளே போனால் கொலைப்படப் போகிறவனுக்கு. அவனுக்கு அது தெரியாது, கதை தெரிந்த நமக்குத் தெரியும். "போருழந்து எடுத்த" என்ற அடையையும் விடாதீர்கள். பகைவரோடு போரிட்டு வென்று உயர்த்திய கொடி அது. பகைவரை அச்சுறுத்த வேண்டிய கொடி, குற்றமற்ற ஒருவனைக் காப்பாற்றப் பார்க்கிறது. அது முடியாமல் போகிறது. காப்பியத்தின் துயரம் முழுவதும் அந்த அசைவில் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

உயர்வு நவிற்சி வேறு. அங்கே காரணம் ஏற்றுவது கிடையாது, அளவைக் கூட்டுவதுதான் உண்டு. தண்டி இதை அதிசய அணி என்பார், பாடநூல்களில் இரண்டு பெயரையும் காண்பீர்கள். அஃறிணைக்கு மனிதச் செயலைக் கொடுப்பது மட்டும் இருந்தால் அதையும் தற்குறிப்பேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. "அலை பாடுகிறது" என்றால் அலைக்கு மனிதச் செயல் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் அலை கருங்கல்லில் மோதித் திரும்புகிறதே, அதைப் பார்த்து "இந்தப் பக்கம் வீடுகள் இன்னும் நெருங்கிவிட்டனவா என்று எட்டிப் பார்த்துப் போகிறது" என்று எழுதினால் தற்குறிப்பேற்றம். நீங்களே இப்படி நாலைந்து எழுதிப் பாருங்கள், பிறகு மறக்காது.

வெள்ளவத்தை மாணவி

நன்றி சேர், ரீச்சர், அண்ணா. கொடி விளக்கம் நன்றாகப் பிடிபட்டது. உள்ளுறையும் இறைச்சியும் இன்னும் இருக்கின்றன. இரண்டிலுமே விலங்கும் பறவையும் மரமும் வருகின்றன, இரண்டிலுமே வேறொரு பொருள் மறைந்து நிற்கிறது. எந்த இடத்தில் பிரிப்பது?

கம்பஸ் அக்கா

நான் இப்போது தமிழ் சிறப்புக் கற்கை செய்கிறேன். உயர்தரத்தில் எனக்கும் இதுதான் பெரிய சிக்கல். குறுந்தொகை 8ஐ வைத்துச் சொல்கிறேன், ஆலங்குடி வங்கனார் பாடியது.

"கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே."

பேசுகிறவள் காதற்பரத்தை, அதாவது மனைவியை விட்டுத் தலைவன் நாடிப்போன பெண். தலைவி தன்னைப் பற்றிப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். வயலோரத்து மாமரம். பழம் பழுத்துத் தானாக விழுகிறது. வயலில் இருக்கும் வாளைமீன் அதைக் கவ்வுகிறது. மீன் மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவும் இல்லை. "அவனை நான் வளைத்துப் பிடித்தேன் என்கிறீர்களே, அவன்தான் தானாக வந்தான்" என்பது இதற்குள் இருக்கிறது. பழம் தலைவன், மீன் பரத்தை, உகுதல் அவன் வந்தது, கதுவுதல் அவள் ஏற்றுக்கொண்டது. இப்படி ஒவ்வொன்றையும் பொருத்திக் காட்ட முடிந்தால் அது உள்ளுறை உவமம். போல என்ற உருபு இராது. மருதத்துக்கு உரிய கருப்பொருளே உவமையாக நிற்கும். தெய்வத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்துவதில்லை என்று தொல்காப்பியம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது.

அதே பாட்டில் வெளிப்படையான உவமையும் இருக்கிறது, ஆடிப்பாவை. கண்ணாடியில் தெரியும் உருவம், நாம் கை தூக்கினால் கை தூக்கும். மனைவி முன்னால் அவன் அப்படி ஆகிவிடுகிறானாம். தன்னுடைய நிலையைச் சொல்லும்போது மீனையும் பழத்தையும் வைத்து மறைத்தவள், அவனை எள்ளும்போது மறைக்கவில்லை. "புதல்வன் தாய்" என்று தலைவியைச் சொல்வதும் குத்தல்தான். எங்கே மறைத்தாள், எங்கே திறந்தாள் என்று எழுதினால் அந்தப் பெண்ணின் மனமே பிடிபடும்.

இறைச்சிக்குக் குறுந்தொகை 37. "நசைபெரி துடையர் நல்கலும் நல்குவர், பிடிபசி களைஇய பெருங்கை வேழம் மென்சினை யாஅம் பொளிக்கும் அன்பின தோழியவர் சென்ற ஆறே." பாலை வழியில் ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரித்துப் பெண்யானையின் பசியைத் தீர்க்கிறது. இதில் யானை தலைவன், பிடி தலைவி, பட்டை இன்னது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தப் போகக் கூடாது. அந்த வழியில் போகிறவன் அதைக் காண்பான், கண்டால் உன்னை நினைப்பான், திரும்புவான். தோழி தேற்றும் இந்தக் குறிப்புத்தான் இறைச்சி. வருந்தும் பொழுதில் அன்பு தோன்றும் காட்சிகளைச் சுட்டுவது வற்புறுத்தித் தேற்றுவதாகும் என்று தொல்காப்பியரே சொல்கிறார்: "அன்புறு தகுவன இறைச்சியுட் சுட்டலும் வன்புறை யாகும் வருந்திய பொழுதே." இந்தப் பாட்டுக்கென்றே எழுதிய சூத்திரம் என்று தோன்றும்.

மட்டக்குளி கவி

எல்லாம் அருமை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதுக்கவிதையைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டியின் பட்டியலில் தேடுவது பொருந்தாத வேலை. அங்கே படிமம், குறியீடு, தொன்மம் (பழங்கதையை எடுத்தாள்வது), முரண்நகை (சொல்வது ஒன்று, குறிப்பது அதற்கு எதிர்) என்ற சொற்கள்தான் துணை. பாரதியின் "அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்" பாட்டைப் பாருங்கள். நெருப்புக் குஞ்சைப் பொந்தில் வைத்தான், காடு வெந்து தணிந்தது. இது உருவகம் என்றால் விடுதலை என்னும் நெருப்பு, அறிவு என்னும் நெருப்பு என்று இன்னொரு பொருளும் பாட்டில் இருக்க வேண்டும். இல்லை. நெருப்பு மட்டும்தான் இருக்கிறது. அது என்ன என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக்கு ஏற்ப வாசிக்கிறது. அதுதான் குறியீடு. படிமம் அதற்கும் முந்திய நிலை. ஒரு காட்சியோ ஒலியோ மணமோ சொல்லாலேயே புலனில் பதிந்தால் படிமம். அது எதையும் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். குறியீடு என்ற சொல் நமக்குத் தேவை. ஆனால் பழைய பட்டியலை மூடிவைக்கச் சொல்வது சரியல்ல. சொல்ல வந்ததை மறைத்து அதற்கு ஒத்த இன்னொன்றை மட்டும் சொல்வதை ஒட்டணி என்று தண்டி விளக்கியிருக்கிறார், பிறிதுமொழிதல் என்றும் சொல்வார்கள். "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகும் வண்டியும் அச்சும் மட்டும்தான் குறளில் இருக்கின்றன. ஆனால் அது வலியறிதல் அதிகாரத்தில் நிற்பதால் பொருள் ஒன்றில் முடிகிறது. மெலிய பகை என்று பலரோடு பகைத்தால் வலியவனும் முறிவான். பாரதியின் நெருப்பு அப்படி ஒன்றில் முடியாது. இந்த வேறுபாட்டை எழுதத் தெரிந்த மாணவர் இரண்டையும் புரிந்தவர். பழையது தெரிந்தால்தான் புதியது எங்கே விலகுகிறது என்று சொல்ல முடியும்.

முரண்நகையும் அப்படித்தான். அங்கதம் என்று தொல்காப்பியர் அதற்கு அப்போதே இடம் கொடுத்திருக்கிறார், நேராகப் பழிப்பது செம்பொருள் அங்கதம், மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம் என்று இரண்டு வகை.

மட்டக்குளி கவி

சேர், மரபை மூடிவைக்கச் சொல்லவில்லை. நம் நாட்டுக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியே லிமரிக் என்ற ஆங்கில ஐந்தடி நகைச்சுவைப் பாட்டு வடிவத்தைத் தமிழ் ஓசையில் குறும்பா ஆக்கி 1966இல் நூலாக வெளியிட்டார். எதுகை மோனை கைவந்தவரால்தான் அது முடிந்தது. மரபுப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய கவிதையை வாசித்துவிட முடியாது என்பதில் மாற்றமில்லை.

வத்தளை வாசகி

இடையில் ஒரு தகவல். கொழும்பில் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். தண்டியலங்காரம் வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவியது. சிங்களத்தின் மிகப் பழைய அணிநூலான சியபஸ்லகரவும் அதே காவியாதர்சத்தைத் தழுவியதுதான், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். சிங்கள மொழிமூலம் படிக்கும் உங்கள் தோழியின் கொப்பியில் இருக்கும் அலங்காரங்களையும் உங்கள் கொப்பியில் இருப்பவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அலுவலகத்தில் ஒரு தோழியோடு உட்கார்ந்து பார்த்தேன், உவமையும் உருவகமும் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தன.

எதுகை, மோனை போன்ற தொடை நயத்தை யாரும் தொடவில்லையே? ஒரு குறள் போதும். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக." முதல் அடியில் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குகின்றன, முற்றுமோனை. இரண்டாம் அடி "நிற்க" என்று தொடங்கும்போது அந்த மோனை நின்றுவிடுகிறது. கற்க, நிற்க என்ற எதுகை மட்டும் இரண்டு அடியையும் கோத்துப் பிடிக்கிறது. கற்பதில் ஓடிக்கொண்டிருந்த ஓசை, நில் என்று சொல்லும் இடத்தில் நிற்கிறது. "முற்றுமோனை வந்துள்ளது" என்பதோடு இதையும் எழுத வேண்டும். சீர் பிரித்து வாய்பாடு எழுதுவதை யாப்புக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள், நயத்துக்கு அது வேண்டாம்.

வெள்ளவத்தை மாணவி

சேர் அங்கதம் என்று சொன்னதும் தமிழ்ச் சங்க நூலகத்தில் புறநானூறு எடுத்து 95ஆம் பாட்டைப் படித்தேன். எழுதிப் பார்த்ததைக் கீழே தருகிறேன். திருத்துங்கள்.

"அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். 'இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டிக் கண்திரள் நோன்காழ் திருத்தி நெய்யணிந்து கடியுடை வியன்நகர் அவ்வே' என்று அவள் தொடங்குகிறாள். மயிற்பீலி, மாலை, நெய், காவல் மாளிகை என்று அடுக்கும்போது தொண்டைமானுக்கு இது புகழாகவே கேட்கும். அடுத்து, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறாள். இது குறையாகக் கேட்கும். ஆனால் சிதைந்த நுனி போரைக் காட்டுகிறது, நெய் பூசிய வேல் போர் காணாததைக் காட்டுகிறது. வியன்நகர் (பெரிய மாளிகை), குற்றில் (கொல்லனின் சிறிய கொட்டில்) என்ற முரண் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒரு பழிச்சொல்கூட இல்லாமல் பழித்திருப்பதால் இது பழிகரப்பு அங்கதம். தூதுவர் பகை அரசனின் அவையில் நேராகப் பழிக்க முடியாது என்பதால் இந்த வழி அவளுக்குத் தேவைப்பட்டது."

தெஹிவளை ரீச்சர்

கடைசி வாக்கியம்தான் இதில் மிக நல்லது. இந்த அணி ஏன் இங்கே என்று சொல்லிவிட்டீர்கள்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

நன்று பிள்ளை. பாட்டின் முடிவை விட்டுவிட்டீர்கள், அதையும் சேருங்கள். "உண்டாயின் பதம்கொடுத்து இல்லாயின் உடன்உண்ணும் இல்லோர் ஒக்கல் தலைவன் அண்ணல்எம் கோமான் வைந்நுதி வேலே." வேலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று சோற்றைப் பற்றி ஏன் பேசுகிறாள்? இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதை எல்லோரோடும் பகிர்ந்து உண்பான். அப்படிப்பட்ட தலைவனுக்காக உயிரைக் கொடுக்க ஆட்கள் உண்டு என்பதைத் தொண்டைமான் கணக்கில் எடுக்கட்டும் என்று நான் வாசிக்கிறேன். மாளிகையில் இருக்கும் ஆயுதத்துக்கு எதிராக அவள் வைப்பது ஆயுதத்தை மட்டும் அல்ல, சேர்ந்து உண்ணும் மனிதரையும்தான். வேறு வாசிப்பும் இருக்கலாம். உரைகளைப் பார்த்துவிட்டு, நீங்கள் எதை ஏற்கிறீர்கள் என்று காரணத்தோடு இரண்டு வரி சேர்த்து இங்கேயே போடுங்கள். அடுத்ததாகக் குறுந்தொகையில் ஈழத்துப் பூதன்தேவனார் பாடியவை மூன்று இருக்கின்றன, 189, 343, 360. அவற்றில் ஒன்றை எடுத்து யாரும் உதவாமல் எழுதிப் பாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம்.